மதம் மாறச் சொல்வார்களா?

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்கிறேன். உங்கள் தளத்தை என் பெண்தான் எனக்குக் காட்டினாள். எம்.எஸ்சி. முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கூடப் படித்த பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பையன் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். நானே போய்ப் பேசிப் பார்த்தேன், குணமானவன். ஆனால் அவர்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கிறிஸ்தவர்கள், நாங்கள் இந்து ஆதிதிராவிடர். ‘மூணு தலைமுறைக்கு முன்னாடி நாங்களும் உங்க ஆளுங்கதான்’ என்று பையனின் அப்பா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெண்ணை மதம் மாறச் சொல்வார்களா? பொட்டை அழிக்கணும், பூ வைக்கக் கூடாது, தாலியே கிடையாது, மோதிரம்தான் என்கிறார் என் மச்சினர். சாமியாரிடம் போய் வீட்டு ரகசியத்தையெல்லாம் சொல்லணுமாம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பெண்ணை அனுப்புவார்களா? பிரசாதம் தொடுவார்களா? அவர்களும் மாதாவைத்தானே கும்பிடுகிறார்கள், நமக்கு அம்மன் மாதிரி, அப்புறம் என்ன வித்தியாசம்? நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என் பெண் வந்து முன்னால் நிற்பாளா? நேராகப் பதில் சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

— குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா

அன்புள்ள ஐயா,

உங்கள் மச்சினர் சொன்னதில் பாதி வேறு சபைக்காரர்களைப் பற்றியது. நம் பக்கம் எல்லாரையும் ‘கிறிஸ்தவங்க’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அமெரிக்கன் ஆற்காடு மிஷன் 1853-ல் தொடங்கியது. ஸ்கடர் குடும்பத்தார் வளர்த்த அந்த வழியில் வந்தவர்கள் இன்று சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையினர். ஆம்பூர்ப் பக்கம் லூத்தரன்கள் இருக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபை இப்போது தெருவுக்குத் தெரு. ஆர்.சி. இவற்றிலிருந்து தனி, போப்பாண்டவரின் கீழ் உள்ளது. ஓர் ஆயரின் (பிஷப்பின்) ஆளுகைப் பகுதியான வேலூர் மறைமாவட்டம் 1952-ல் உருவானது. நகை வேண்டாம், பூ வேண்டாம், பொட்டு வேண்டாம் என்பது பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றின் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு எங்கள் ஆர்.சி. கோயில் வாசலில் வந்து நில்லுங்கள். உள்ளே போகிற பெண்களில் எத்தனை பேர் தலையில் மல்லிகை, எத்தனை பேர் நெற்றியில் பொட்டு என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

தாலியும் உண்டு. சிலுவையோ புறாவோ பொறித்திருக்கும். தட்டில் வைத்துச் சாமியார் (பாதிரியார்) மந்திரித்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டுவார். நாத்தனார் பின்னால் நின்று முடிச்சுப் போடுவதும் பல குடும்பங்களில் உண்டு. மோதிரம் கூடுதல்.

இனி பெரிய கேள்வி. மதம் மாற வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில், ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் கட்டிக்கொள்வதற்கு ஒரு தடை இருக்கிறது. ஆனால் அந்தத் தடையை ஆயர் விலக்கித் தரலாம், தருகிறார்கள். விண்ணப்பம் பங்குச் சாமியார் வழியாக ஆயர் இல்லத்துக்குப் போய், எழுத்தில் அனுமதி வரும். கல்யாணம் கோயிலிலேயே நடக்கும். வழக்கமாகப் பூசை இல்லாமல், வேதவாசகமும் செபமும் வைத்து நடத்துவார்கள். உங்கள் பெண் நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்க முடியாது, அது ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு. அரசாங்கச் சட்டத்திலும் சிக்கல் இல்லை. 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். யாரையும் அவர் மனச்சாட்சிக்கு விரோதமாகக் கத்தோலிக்கராகும்படி வற்புறுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது.

அப்புறமும் யாராவது ஒரு அத்தை, ‘ஒரு தண்ணி ஊத்திட்டா ஒரே சாமி ஆயிடும், பிரச்சினை தீர்ந்துடும்’ என்று சொல்வார். அந்த இடத்தில் நீங்கள் அசையக் கூடாது. விசுவாசம் வந்து கேட்டால் அது உங்கள் பெண்ணின் உரிமை, அதற்கென்று நீண்ட தயாரிப்பு இருக்கிறது. கல்யாணத்துக்காக அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றுவதை நல்ல சாமியார் எவரும் விரும்ப மாட்டார்.

சம்பந்தியின் சிரிப்புக்குப் பின்னால் உள்ள விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வடாற்காட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதி தலித் மக்கள். கோயிலுக்குள் வந்ததால் சாதி ஒழிந்துவிடவில்லை, அது எங்கள் அவமானம். ஆனால் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை எஸ்.சி. தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. ஆதிதிராவிடர் கிறிஸ்தவராக மாறினால் தமிழ்நாட்டில் பி.சி. ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்வருகிற ஒருவர் வேலைக்காக மட்டும் தன்னை இந்து என்று சொல்லி எஸ்.சி. சான்றிதழ் கேட்க முடியாது என்று, புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குரூப் 2 எழுதப்போகிற உங்கள் பெண்ணுக்கு இது சின்ன விஷயமா? ஒரே வயலில் நாற்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்குச் சலுகை, மற்றவருக்கு இல்லை என்பது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். அதை எதிர்த்துப் பல வருடமாக வழக்கும் போராட்டமும் நடக்கிறது. ஆனால் உங்கள் பெண் விண்ணப்பம் போடுவது இன்றைய சட்டத்தின் கீழ். அவள் இந்துவாகவே இருந்து கல்யாணம் செய்துகொண்டாலும், கோயிலில் தாலி கட்டியதைக் காட்டிச் சான்றிதழுக்குக் கேள்வி எழலாம். பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் அந்தப் பிள்ளையின் நிலைமை வேறு. இரண்டையும் ஒரு நல்ல வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

பேரப்பிள்ளை என்றதும் நீங்கள் கேட்காத கேள்விக்கு வந்துவிட்டோம். பொட்டையும் பூவையும் கேட்டீர்கள், இதைக் கேட்கவில்லை. அனுமதி கிடைக்க வேண்டுமானால் பையன் ஒரு வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். தன் விசுவாசத்தைக் கைவிட மாட்டேன், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று. 1917-ஆம் வருடத் திருச்சபைச் சட்டம் இருந்த காலத்தில் பெண் வீட்டுத் தரப்பும் உறுதி தர வேண்டியிருந்தது. இப்போது நடப்பில் உள்ள 1983-ஆம் வருடச் சட்டத்தில் கத்தோலிக்கர் மட்டும்தான் வாக்குத் தருகிறார். உங்கள் பெண்ணுக்கு அந்த வாக்கைத் தெரிவிப்பார்கள், அவள் எந்த உறுதியும் தர வேண்டியதில்லை. ஆனால் தெரிந்துகொண்டுதான் கழுத்தை நீட்டுகிறாள். பிள்ளை பிறந்தபிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து இதைப் பேசினால் இரண்டு குடும்பமும் உடையும். இப்போதே பேசுங்கள். பெயரைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று இப்போது சட்டம் இல்லை, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்ச்செல்வி என்றோ அறிவழகன் என்றோ தாராளமாக வைக்கலாம்.

இரண்டாவது, விவாகரத்து. கோர்ட்டில் தீர்ந்தாலும் திருச்சபைக் கணக்கில் தீராது. மறைமாவட்ட நீதிமன்றம் விசாரித்து, ‘இந்தக் கல்யாணம் தொடக்கத்திலேயே செல்லாதது’ என்று தீர்ப்பு சொன்னால்தான், மிக அரிதான விதிவிலக்குகள் தவிர, பையன் கோயிலில் இன்னொரு கல்யாணம் செய்ய முடியும். போப் பிரான்சிஸ் 2015-ல் அந்த விசாரணை முறையைச் சுருக்கினார், ஆனாலும் சுலபம் கிடையாது. அதே சமயம் அந்தத் தீர்ப்பு அரசாங்கத்துக்குச் செல்லாது. சிவில் கோர்ட்டுக்குத் தனியாகப் போகத்தான் வேண்டும். நல்ல காரியம் பேசும்போது இதையெல்லாம் எதற்கு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு விசாரணை நடக்கும். அதை நான் மதிக்கிறேன். சாமியார் பையனையும் பெண்ணையும் தனித்தனியாக அறையில் உட்காரவைப்பார். மேசையில் ஒரு படிவம். அப்பா, அம்மா, அத்தை எல்லாரும் வெளியே பெஞ்சில். முன்பு கல்யாணம் ஆகியிருக்கிறதா, உன்னை யாராவது கட்டாயப்படுத்தினார்களா, ஏதாவது நிபந்தனை வைத்துச் சம்மதிக்கிறாயா, சாகும்வரை சேர்ந்து வாழ்வது என்று தெரிந்துதான் வருகிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை அவர்கள் சொன்னபடி எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். நம் ஊரில் ஒரு பெண்ணைத் தனியாக உட்காரவைத்து ‘உனக்குச் சம்மதமா’ என்று கேட்டு எழுதிவைக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

உங்கள் மச்சினர் சொன்ன ரகசியம் இதுவல்ல, பாவசங்கீர்த்தனம். அது கத்தோலிக்கருக்கு மட்டும். உங்கள் பெண்ணை யாரும் அதற்குக் கூப்பிட மாட்டார்கள். அங்கே சொல்வதும் சொல்பவருடைய சொந்தப் பாவம், வீட்டுக் கதை அல்ல. கேட்ட சாமியார் அதை உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் அந்தக் கணமே திருச்சபைக்கு வெளியே.

மாதா விஷயத்தில் நீங்கள் நினைப்பது புரிகிறது. சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலில் பிள்ளை வரம் கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் யார் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் எங்கள் விசுவாசத்தில் மரியாள் தெய்வம் இல்லை, மனுஷி. ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம் என்று 787-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கமே பிரித்துச் சொல்லிவிட்டது. நாங்கள் செபமாலையில் மறுபடி மறுபடி கேட்பதும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பதுதான். கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகும்போது தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போவதில்லையா, ஏறக்குறைய அப்படி. சம்பந்தி வீட்டில் ‘மாதாவும் அம்மனும் ஒண்ணுதான்’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். நீங்கள் ஒற்றுமைக்குச் சொல்வீர்கள், அவர்களுக்குச் சங்கடமாகிவிடும்.

சிரசுக்கு வருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உங்கள் பெண் இந்து, அவள் கும்பிடலாம், பிரசாதம் சாப்பிடலாம். மாப்பிள்ளை கூட வரலாம், கூட்டத்தில் நிற்கலாம், உங்கள் வீட்டில் சாப்பிடலாம். சாமி கும்பிடச் சொல்லாதீர்கள். பிரசாதத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கிறது. சந்தையில் விற்கிறதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடு, ‘இது படைத்தது’ என்று ஒருவர் சொன்னால் அவர் மனச்சாட்சியை நினைத்துச் சாப்பிடாதே என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். சில ஆர்.சி. வீட்டில் வாங்கிக்கொள்வார்கள், சில வீட்டில் மாட்டார்கள். மாப்பிள்ளை வேண்டாம் என்றால் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிலுக்கு, ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் உங்கள் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்கு ஆம்பூரிலிருந்து பிரியாணி வரவழைத்துச் சோதிக்காதீர்கள். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும்தான் ஒருசந்திக்கும் (ஒருவேளை உணவு) சுத்தபோசனத்துக்கும் (கறி விலக்கு) கண்டிப்பான நாட்கள் என்றாலும், நம் பக்கம் நாற்பது நாளும் கறி தொடாத வீடுகள் நிறைய.

கடைசிக் கேள்வியை எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கும். உங்கள் பெண் வருவாள். உங்கள் முறைப்படி எதைச் செய்ய வேண்டுமோ அதைச் செய்வாள், அவளைத் திருச்சபைச் சட்டம் கட்டுப்படுத்தாது. மாப்பிள்ளை பூசைச் சடங்குகளைத் தன் கையால் செய்ய மாட்டார், ஆனால் பாடையில் ஒரு பக்கம் அவர் தோள் இருக்கும். சுடுகாடா, இடுகாடா என்பதும் தடையில்லை. கத்தோலிக்கருக்கே 1963-லிருந்து எரிக்க அனுமதி உண்டு, புதைப்பதையே விரும்புகிறார்கள் என்றாலும்.

தேதி குறிக்கும் முன் இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வையுங்கள். உங்களுக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது. அவர்களுக்குத் தவக்காலம் ஆகாது, அது மாசி பங்குனியை விழுங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரமும் வேண்டாம் என்பார்கள். வைகாசி, ஆவணி, ஐப்பசி தோது, வைகாசி முதல் தேதி சிரசு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், அதற்கு முன் கல்யாணத் தயாரிப்பு வகுப்பு, ஆயர் அனுமதி. ஆகவே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பையனின் பங்குச் சாமியாரைப் போய்ப் பாருங்கள். மச்சினரை விட்டுவிட்டு, பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்கும் கேட்க ஏதாவது இருக்கும்.