கேள்வி பதில்: மைக் இல்லாத குரலுக்கு மார்க் போடுவது எப்படி?

கேள்வி: மகள் சர்ச் கொயரில் பாடுகிறாள், பெரிய ஓபரா பாடகிகளைப் பற்றிய விமர்சனங்களைத் தேடிப் பிடித்து எனக்கும் படித்துக் காட்டுவாள். ஒருத்தரை 'மேடையில் அபாரம்' என்கிறார்கள், அதே ஆளைத் தனிக் கச்சேரியில் 'சுமார்' என்கிறார்கள். குரல் ஒன்றுதானே, எப்படி ரெண்டு மார்க்? (ஒரு வாசகி, ஏற்காடு)

பதில்: குரல் ஒன்றுதான் அம்மா, வேலை ரெண்டு. ஓபரா என்பது நாடகம். வேஷம், விளக்கு, கீழே பெரிய ஆர்கெஸ்ட்ரா, எதிரே நின்று அழ ஒரு ஆள் எல்லாம் உண்டு; குரல் ஓர் இடத்தில் லேசாகப் பிசகினாலும் கதை தூக்கிக்கொண்டு போய்விடும். ரிசைட்டல் என்கிற தனிக் கச்சேரியில் பியானோ பக்கத்தில் நின்று பாட வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1815-ல் இசையமைத்த 'ஏர்ல்கோனிக்' பாட்டை யூடியூபில் கேட்கச் சொல்லுங்கள். கதை சொல்பவர், குதிரையில் விரையும் அப்பா, அவர் கையில் கிடக்கும் பையன், அவனை ஆசைகாட்டிக் கூப்பிடும் பேய் ராஜா என்று நாலு பேரையும் ஒரே ஆள், சுமார் நாலு நிமிஷத்துக்குள், நின்ற இடத்திலேயே காட்ட வேண்டும். பியானோக்காரரின் வலது கை குதிரைக் குளம்பு மாதிரி விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பையன் பயந்து அப்பாவைக் கூப்பிடக் கூப்பிட மெட்டு மேலே ஏறிக்கொண்டே போகும். கடைசி வரியில் பியானோ நின்றுவிடும், பிள்ளை செத்துப்போனதைப் பாடகர் கிட்டத்தட்டப் பேச்சாகச் சொல்லி முடிக்க வேண்டும். நல்ல விமர்சகர் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவது அங்கேதான், ஏனென்றால் அங்கே கொஞ்சம் அழுதுகாட்டினாலும் போச்சு. ஓபரா மேடையில் அதே இடத்தில் அழுதால் கைதட்டு விழும்! இரண்டு பக்கமும் பேர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், ஜெர்மனியின் ஃபிஷர்-டீஸ்காவ் மாதிரி, ஆனால் எண்ணிக்கை கம்மி.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: 'தேன் குரல்', 'மெய்சிலிர்த்தது' எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடலாம். எந்தப் பாட்டில், எந்த வரியில், மூச்சை எங்கே எடுத்தார் என்று எழுதியிருந்தால் மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளட்டும். பியானோக்காரரைப் பற்றியும் நாலு வரி இருந்தால் இன்னும் நம்பலாம். (நம் கச்சேரி விமர்சனங்களில் வயலினும் மிருதங்கமும் கடைசி வரியில் 'பக்கபலமாக' இருந்துவிட்டுப் போகும், அது தனிக் கதை.)

கேள்வி: தினமும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாப் பாட்டுங்க. ஓபராவில் மைக்கே கிடையாதாமே, அத்தனை வாத்தியத்தைத் தாண்டிக் குரல் எப்படிக் கேட்கும்? (சேலம் வாசகர்)

பதில்: நம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஹாரனுக்கு நடுவே 'ராசிபுரம், நாமக்கல்' என்று கூவும் குரல் மட்டும் தனியாகக் காதில் விழுகிறதே, ஏறக்குறைய அதே சங்கதிதான். ஆர்கெஸ்ட்ராவின் சத்தத்துக்குப் பலம் அதிகம் 500 ஹெர்ட்ஸ் (ஒலி எவ்வளவு மேலே இருக்கிறது என்று சொல்லும் அளவு) பக்கத்தில், அதற்கு மேலே போகப் போக அது குறைந்துவிடும். பயிற்சி பெற்ற பாடகர் தொண்டையை அமைத்துக்கொள்ளும் விதத்தில் குரலுக்கு 3000 ஹெர்ட்ஸ் பக்கம் கூடுதல் பலம் வருகிறது, வாத்தியங்கள் ஒதுங்கியிருக்கிற இடம் அது. ரொம்ப மேலே பாடும் சோப்ரானோ பாடகிகளுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் நாடக மேடையில் மைக்கை நம்பியா பாடினார்கள்?

கேள்வி: ஒரு பாடகிக்கு 42 நிமிடம் கைதட்டினார்களாம், நம்பலாமா? (அம்மாப்பேட்டை வாசகர்)

பதில்: நம்பலாம். 1961 ஜனவரி 27, நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'இல் த்ரொவத்தோரே' ஓபரா, பாடகி லியொன்டின் பிரைஸ். ஆனால் பிரைஸுக்கு மட்டுமில்லை, ஃபிராங்கோ கொரெல்லி என்ற டெனருக்கும் (ஆண்களில் மேல் ஸ்தாயியில் பாடுகிறவர்) அங்கே அதுதான் முதல் நாள், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். கைதட்டுகிற கூட்டம் கத்தவும் செய்யும். 2006 டிசம்பரில் மிலானின் லா ஸ்காலாவில் 'அய்தா' நடக்கும்போது முதல் பாட்டுக்கே மேல்மாடியிலிருந்து கூச்சல். கதாநாயகனாகப் பாடிய ரொபெர்த்தோ அலாஞ்ஞா சட்டென்று மேடையை விட்டு வெளியே போய்விட்டார். ஆட்டம் நிற்கவில்லை. மாற்றுப் பாடகர் பலோம்பி வேஷம் போடக்கூட நேரமில்லாமல் ஜீன்ஸ் பேன்ட்டோடு எகிப்துத் தளபதியாக வந்து நின்று பாடினார்.

கேள்வி: நம்ம பக்கத்து ஆள் யாராவது ஓபராவில் உண்டா? (இன்னொரு சேலம் வாசகர்)

பதில்: ஷான் பணிக்கர், அமெரிக்க டெனர், பெற்றோர் இலங்கையிலிருந்து போனவர்கள். 2018-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் 'சத்யாக்ரஹா' ஓபராவில் காந்தியாகப் பாடினார். முழுக்கச் சமஸ்கிருதம், பகவத் கீதை வரிகள். ஓபரா பழக்கமில்லாதவர்கள் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும், ஒரே வரி திரும்பத் திரும்ப ரொம்ப நேரம் ஓடும்.