வேலையை விட்டுவிட்டுக் கட்டுமான மேலாண்மை படிக்கலாமா?

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் முடித்து நான்கு ஆண்டுகளாகச் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். கட்டுமான மேலாண்மையில் இரண்டு ஆண்டு முழுநேர முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடன் வாங்கித்தான் சேர முடியும். போட்ட பணம் திரும்புமா?

பதில்: திரும்பலாம், ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மெதுவாக. எத்தனை ஆண்டில் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அந்தக் கணக்கில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

உங்கள் இப்போதைய மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் கட்டணம் ஓராண்டுச் சம்பளம், அதாவது 1,200. படித்து முடித்ததும் 160-க்கு வேலை கிடைக்கிறது. மாதம் 60 கூடுதல், எனவே 20 மாதத்தில் கட்டணம் வந்துவிடும் என்று தோன்றும்.

அது சரியில்லை. படிக்கும் 24 மாதமும் சம்பளம் வராது. அதுவே 2,400, கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. பல கல்விக் கடன்களில் படிக்கும்போதே வட்டி ஏறத் தொடங்கிவிடும். அதற்கு 300 சேர்த்தால் மொத்தச் செலவு 3,900. சாப்பாட்டுச் செலவைச் சேர்க்க வேண்டாம், அது வேலையில் இருந்தாலும் உண்டு.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. 160-ஐ இன்றைய 100-உடன் ஒப்பிடக் கூடாது. வேலையிலேயே இருந்திருந்தால் இரண்டு ஆண்டில் உங்கள் சம்பளமும் உயர்ந்திருக்கும். அது 120 ஆகியிருக்கும் என்றால், படிப்பு தரும் உண்மையான கூடுதல் மாதம் 40 மட்டுமே. 3,900-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 98 மாதம், எட்டு ஆண்டுக்கும் மேல். முதலில் தோன்றிய 20 மாதம் எங்கே, இது எங்கே!

இதே படிப்பை வேலையில் இருந்தபடி பகுதிநேரமாகப் படித்தால்? பட்டத்தால் வரும் உயர்வு பாதியாக, மாதம் 20 மட்டுமே என்று வைத்தாலும், 1,200-ஐ மீட்க 60 மாதம் போதும். சம்பளம் நிற்கவில்லை, கடனும் இல்லை. இந்த எண்களை அழித்துவிட்டு உங்கள் சம்பளத்தையும் கட்டணத்தையும் போட்டுப் பாருங்கள். கூடுதல் வருமானத்தை மட்டும் தாராளமாகப் போட்டுவிடாதீர்கள்.

சரி, அந்தக் கூடுதல் எதற்காகக் கிடைக்கிறது? கிரிட்டிக்கல் பாத் முறை, அதாவது எந்தப் பணிகள் தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்று கண்டறியும் திட்டமிடல் முறை, தெரிந்ததற்காக அல்ல. அது 1950களின் இறுதியில் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தின் ஆலைப் பணிகளுக்காக உருவானது. நல்ல பாடநூல் ஒன்றும் திட்டமிடல் மென்பொருளும் இருந்தால் சில மாதங்களில் கைவந்துவிடும். அதற்காக இரண்டு ஆண்டுச் சம்பளத்தை இழக்கத் தேவையில்லை. மதிப்பு இருப்பது ஒப்பந்தம், கிளெய்ம் (கூடுதல் காலமோ பணமோ கேட்கும் உரிமைக் கோரிக்கை), பணப்புழக்கம் ஆகியவற்றில்தான். சைட்டில் கான்கிரீட்டையும் கம்பியையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இவை கண்ணில் படுவதே அரிது.

நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில் வரைபட ஒப்புதல் வாரக்கணக்கில் தாமதமானது. தவறு எங்கள் மீது இல்லை, கால நீட்டிப்பு தானாகக் கிடைக்கும் என்று சைட்டில் எல்லோரும் நம்பினோம். ஒப்பந்தத்தின்படி, தாமதத்துக்கான காரணம் தெரியவந்த 28 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். பல நாடுகளில் பயன்படும் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தமான ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகத்தின் 20.1-ஆம் பிரிவு சொல்வதும் இதைத்தான். யாரும் கடிதம் எழுதவில்லை. நீட்டிப்பும் இல்லை, கூடுதல் செலவும் கிடைக்கவில்லை. அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுதத் தெரிந்தவருக்குத்தான் நிறுவனங்கள் கூடுதல் சம்பளம் கொடுக்கின்றன. நல்ல படிப்பு அதைக் கற்றுத்தரும். ஆகவே பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஒப்பந்தச் சட்டமும் செலவுக் கட்டுப்பாடும் ஒப்புக்கு ஒரு பாடமாக வந்துபோனால் அங்கே சேர வேண்டாம்.

முழுநேரப் படிப்பு சிலருக்கு உண்மையாகவே பொருந்தும். வெளிநாட்டில் குவான்டிட்டி சர்வேயராகவோ (கட்டுமான அளவையும் செலவையும் கணக்கிடுபவர்) ஆலோசனை நிறுவனத்திலோ சேர விரும்புகிறவர், பிரிட்டனைச் சேர்ந்த தொழில்முறை அமைப்புகளான ஆர்.ஐ.சி.எஸ். அல்லது சி.ஐ.ஓ.பி. அங்கீகரித்த பட்டமா என்று பார்த்துச் சேரலாம். அந்த அமைப்புகள் தரும் சார்ட்டர்டு என்ற தொழில்முறைத் தகுதிக்கு அது வழியைச் சுருக்கும். ஒப்பந்ததாரர் பக்கத்திலிருந்து உரிமையாளர் பக்கத்துக்கு மாற நினைப்பவருக்கும், நிறுவனம் கட்டணத்தில் பங்கேற்கும் வாய்ப்புள்ளவருக்கும் இதையே சொல்வேன்.

இருக்கும் துறையிலேயே மேலே வருவதுதான் உங்கள் நோக்கம் என்றால் பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழையும் எண்ணிப் பாருங்கள். நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவருக்கு அது கேட்பது 36 மாதத் திட்ட மேலாண்மை அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும். சைட்டில் இருந்ததெல்லாம் கணக்கில் வராது, பணிகளை நீங்கள் வழிநடத்திய காலம் மட்டுமே வரும். அதனால் இன்றிலிருந்தே எந்தப் பணியை எத்தனை மாதம் நடத்தினீர்கள் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சேர்வது என்று முடிவு செய்தால், அங்கே முந்தைய மூன்று பேட்ச்களில் படித்தவர்களிடம் நேரடியாகப் பேசுங்கள். அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்பது உங்களுக்கு உதவாது. உங்களைப் போல் நான்கு ஆண்டு அனுபவத்தோடு போனவர்கள் எந்தப் பதவியில் வெளியே வந்தார்கள் என்று கேளுங்கள். பலர் மறுபடியும் சைட் இன்ஜினியராகவே சேர்ந்திருந்தால், மேலே போட்ட 160 வெறும் கனவு. இன்னொன்று: கட்டுமானத் துறை ஏறி இறங்கும். 2008 நெருக்கடியின்போது படித்து முடித்தவர்கள் பட்ட பாட்டை மறந்துவிடக் கூடாது. தேக்கத்தில் வெளியே வந்தாலும் ஓராண்டு கடன் தவணை கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இடத்தை உறுதி செய்யக் கடைசி நாள் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அவகாசம் இருந்தால், உங்கள் மேலாளரிடம் மூன்று மாதம் பில்லிங் அல்லது பிளானிங் மேசைக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். சம்மதித்தால், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று சம்பளத்தோடே தெரிந்துகொள்வீர்கள். முடியாது என்றால், அந்த நிறுவனத்தில் இருந்தால் உயரும் என்று போட்ட 120-ஐக் குறைத்துவிட்டுக் கணக்கை மறுபடி போடுங்கள்.