மேற்பார்வை நம்பிக்கை மதிப்பெண்ணுக்கு ஒட்டுறவே வரவில்லை என்றால்

தலைமை ஆசிரியர்களின் அறிவும் சமூகத் தொழில்முனைவும் (ஊராரைத் திரட்டிப் பொதுநலப் பணி செய்யும் முனைப்பு) அவர்களுடைய மேற்பார்வை நம்பிக்கையோடு, அதாவது ஆசிரியர்களை எப்படி வழிநடத்த வேண்டும் என்ற கருத்தோடு, சேர்ந்து மாறுகின்றனவா என்று ஆராய்ந்தும் ஒட்டுறவு (இரு அளவுகள் சேர்ந்து மாறும் தன்மை) கிடைக்கவில்லை என்கிறீர்கள். மேற்பார்வையின் மூன்று அணுகுமுறைகளுக்கான மதிப்பெண்களையும் கூட்டி ஒரே எண்ணாக்கியதே காரணமாக இருக்கலாம். தலைமை ஆசிரியர்களின் அறிவும் சமூகத் தொழில்முனைவும் அவர்களுடைய மேற்பார்வை நம்பிக்கையைப் பாதிப்பதில்லை என்று இப்போதே எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் குறிப்பிட்ட க்ளிக்மன், தமாஷிரோ ஆகியோரின் 1981ஆம் ஆண்டு மேற்பார்வை நம்பிக்கை வினாநிரலில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 15 இணைகள் உள்ளன. ஒவ்வொரு தேர்வும் நெறிப்படுத்தும், கூட்டாகச் செயல்படும், ஆசிரியர் போக்கிலேயே விடும் அணுகுமுறைகளுள் ஒன்றில் சேர்வதால், யார் நிரப்பினாலும் கூட்டுத்தொகை 15தான். மாறாத எண்ணுக்கு ஒட்டுறவைக் கணக்கிட இயலாது.

தரவுத்தாளில் அந்தக் கூட்டுத்தொகை நிரலின் திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவை) பாருங்கள். சுழியமாக இருந்தால் ஐயமே இல்லை. மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒட்டுறவுக்கு உட்படுத்துங்கள்.

ஊராரையும் முன்னாள் மாணவரையும் கூட்டிப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டவைத்த தலைமை ஆசிரியர், வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பாடத்தைக் கவனித்த பிறகு, குறைகளைப் பட்டியலிடுவாரா, ஆசிரியரோடு அமர்ந்து அடுத்த பாடத்தைத் திட்டமிடுவாரா என்பதுதான் உங்கள் ஆய்வின் உயிர். அதைக் கூட்டுத்தொகை மறைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: ஒன்று கூடினால் மற்றவை குறைந்தே தீரும் என்பதால், மூன்றையும் தொடர்பற்ற மாறிகளாகக் கருதி ஒரே சமன்பாட்டில் சேர்க்காதீர்கள். ஒரே சமயத்தில் திரட்டிய விடைகள் என்பதால், 'தொடர்பு' என்று எழுதுங்கள், 'விளைவு' என்று எழுத வேண்டாம்.