சிங்கப்பூர் கப்பல் பயணம்: ஏஜென்ட் சொன்ன 3.10 லட்சம் பாதிச் செலவுதான்

கேள்வி: கோவையில் இருக்கிறோம். கணவன், மனைவி இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 1,10,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் தவணை 28,000. குழந்தைகளின் படிப்புக்கான 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி. உட்பட மற்ற செலவுகள் 60,000. வங்கியில் 4 லட்சம் ரூபாய் எஃப்.டி. உள்ளது. தீபாவளி போனஸ் இருவருக்கும் சேர்த்து 90,000 வரும். வரும் மே மாதம் அப்பா (68), அம்மா (63), குழந்தைகள் (10, 6) என ஆறு பேரும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுக் கப்பல் பயணம் போக ஆசை. இரண்டு பால்கனி அறைகளுக்கு 3,10,000 ரூபாய், சாப்பாடு உட்பட எல்லாம் அடக்கம் என்கிறார் ஏஜென்ட். வங்கி செயலியில் 14 சதவீத வட்டியில் பர்சனல் லோன் தயாராக இருக்கிறது. 3 லட்சம் எடுத்துவிடலாமா, அல்லது எஃப்.டி.யை உடைக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆனால் பயணத்தைக் கைவிடவும் வேண்டாம். அப்பா நன்றாக நடமாடும்போதே அழைத்துப் போக நினைக்கிறீர்கள். அது நியாயமான செலவுதான். முதலில் மொத்தத் தொகை எவ்வளவு என்று பார்ப்போம்.

கப்பல் டிக்கெட்டில் அறை, பொது உணவகங்களில் சாப்பாடு, நிகழ்ச்சிகள், நீச்சல் குளம் இவ்வளவும் அடங்கும். அடங்காதவற்றில் பெரியது கிராஜுவிட்டி எனும் சேவைக் கட்டணம். விருப்பம்போல் கொடுக்கும் டிப்ஸ் என்று நினைத்துப் பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உங்கள் அறைக் கணக்கில் தினமும் தானாகவே ஏறும் தொகை இது. ராயல் கரீபியன் கப்பல்களில் 2025 நிலவரப்படி சூட் எனும் பெரிய சொகுசு அறை அல்லாத மற்ற அறைகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர். உங்கள் 6 வயதுக் குழந்தைக்கும் அதே தொகைதான். ஆறு பேர், நான்கு நாள் என்றால் 444 டாலர். டாலருக்கு 90 ரூபாய் வைத்தால் ஏறக்குறைய 40,000. "கிராஜுவிட்டியும் துறைமுக வரியும் ஜி.எஸ்.டி.யும் இந்த 3,10,000க்குள் இருக்கிறதா?" என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் "எல்லாம் இருக்கு சார்" என்று வரும் பதில் போதாது. இனம் இனமாகப் பிரித்த கொட்டேஷன் வாங்குங்கள்.

மற்றவற்றை நான் போட்ட கணக்கு இது. விமான டிக்கெட் போக வர ஆளுக்கு 25,000 வீதம் 1,50,000. விசா, ஏஜென்ட் கட்டணத்தோடு 18,000. சிங்கப்பூரில் ஒரு இரவுக்கு இரண்டு அறைகள் 24,000. பயணக் காப்பீடு 8,000. இரண்டு ஊர்களிலும் சுற்றிப் பார்க்க 20,000. கப்பலில் ஒரே ஒரு போனுக்கு வைஃபை 7,200. சிங்கப்பூரில் டாக்சி, சாப்பாடு 12,000. கிராஜுவிட்டியும் சேர்த்தால் மொத்தம் 5,89,200. இதற்கு மேல், வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு ஏஜென்ட் உங்களிடம் முன்கூட்டியே வாங்கி அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். வரி வேறு. ஆக, ஏஜென்ட் சொன்ன தொகை உங்கள் உண்மையான செலவில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

3 லட்சம் கடன் எடுத்தால் போதாது என்பது இப்போது தெரிந்திருக்கும். அப்படியே எடுத்தாலும், 36 மாதத் தவணை சுமார் 10,250. வட்டி மட்டும் 69,000 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 2 சதவீதமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் இன்னொரு 7,000. நான்கு இரவுப் பயணத்துக்காக உங்கள் மாத மிச்சம் 22,000லிருந்து 11,750 ஆக மூன்று வருடம் குறைந்திருக்கும். எஃப்.டி.யில் உள்ள 4 லட்சமோ உங்கள் நாலரை மாதச் செலவுக்கான பணம். வீட்டில் 68 வயது அப்பா இருக்கும்போது அதைத் தொடக் கூடாது.

என் யோசனை, வரும் மே அல்ல, அதற்கு அடுத்த ஆண்டு மே. இன்றே 22,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. தொடங்குங்கள். 19 மாதத்தில் 4,18,000. இந்தத் தீபாவளி, அடுத்த தீபாவளி போனஸ் 1,80,000. வட்டி 20,000 சொச்சம். ஏறக்குறைய 6,20,000 கையில் இருக்கும். முழுப் பணத்தையும் கட்டவேண்டிய கடைசி நாள் பயணத்துக்கு இரண்டரை, மூன்று மாதம் முன்பே வந்துவிடும் என்பதால் ஆர்.டி.யை 15 மாதத்தில் முதிர்வடையும்படி போட்டு, மீதி மாதங்களின் பணத்தை சேமிப்புக் கணக்கிலேயே வையுங்கள். அதற்குள் டாலர் ஏறலாம். அதற்கும் இடம் விட்டு, பயணச் செலவை 5,40,000க்குள் அடக்கப் பார்க்கலாம்.

அதற்கு முதல் வழி அறை. நான்கு இரவில் இரண்டு பகல் கரையில் போய்விடும். மிச்ச நேரம் குழந்தைகள் நீச்சல் குளத்தைவிட்டு வரமாட்டார்கள். உங்களுக்குப் பால்கனி தேவையில்லை. ஜன்னல் இல்லாத இன்டீரியர் அறை போதும். பெற்றோர் அறையில் அதிக நேரம் இருப்பார்கள் என்றால் அவர்களுக்கு மட்டும் பால்கனி எடுங்கள். அறைக் கட்டணத்தில் முதல் இருவருக்குத்தான் முழு விலை. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவு. உங்கள் கொட்டேஷனில் இரண்டு அறைகள், ஆறு பேர் என்பதால் 4+2 ஆகப் பிரித்தாலும் 3+3 ஆகப் பிரித்தாலும் பணத்தில் பெரிய வித்தியாசம் வராது. நான் 3+3 என்பேன். ஒரு பேரப்பிள்ளை தாத்தா பாட்டியோடு படுத்துக்கொள்ளட்டும். இன்டீரியர் அறை நம் வீட்டுச் சின்னப் படுக்கையறை அளவுதான் இருக்கும்; அதில் நான்கு பேர், ஒரே குளியலறை, மேலிருந்து இறங்கும் தொங்கு கட்டில் என்றால் காலையில் கிளம்பவே சிரமம். அறை எண்ணை நீங்களே தேர்வு செய்ய முடிந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. "கேரன்டி" என்று மலிவாக வரும் அறையில் இடத்தைக் கம்பெனிதான் முடிவு செய்யும். இரண்டு அறைகளும் வேறு வேறு தளத்தில் விழலாம். வயதானவர்களோடு போகும்போது அது வேண்டாம்.

விமான டிக்கெட்டை ஏஜென்டின் பேக்கேஜில் சேர்க்காமல் நீங்களே தனியாக எடுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்குத்தான் டி.சி.எஸ்.; தனியாக எடுக்கும் விமான டிக்கெட்டுக்குக் கிடையாது. 2025-26ல் இந்த வரி 10 லட்சம் வரை 5 சதவீதமாக இருந்தது; 2026 ஏப்ரலிலிருந்து 2 சதவீதம். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது என்பதால் பணம் கட்டும் நாளின் விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2 சதவீதம் என்றால் 3,10,000க்கு 6,200. திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனால் தானாக வராது. உங்கள் சம்பள நிலையில் புதிய வரிமுறையில் இருவருக்குமே பெரும்பாலும் வரி வராது; சம்பளத்தில் பிடித்தமே இல்லாதபோது அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது. வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் வாங்க வேண்டும். அதனால் ஏஜென்டிடம் எந்த பான் எண்ணைக் கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். தவறாமல் ரிட்டர்ன் போடுபவரின் பான் எண்ணைக் கொடுங்கள், அவர் கணக்கிலிருந்தே பணத்தையும் கட்டுங்கள். ரிட்டர்ன் போடாத அப்பாவின் பெயரில் பில் போட்டால் அந்தப் பணம் அங்கேயே நிற்கும்.

விசாவில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிங்கப்பூர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 30 நாட்களுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். கப்பலுக்கு முழுப் பணமும் அதற்கு வெகுமுன்பே கட்டியாகிவிடும். விசா மறுக்கப்பட்டது என்பதற்காகக் கப்பல் கம்பெனி பணம் திருப்பித் தராது. விசா மறுப்புக்கு ஈடு தரும் காப்பீடு சில நிறுவனங்களிடம் உண்டு, கேட்டு வாங்குங்கள். கப்பல் திரும்பி வரும்போது மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள், ஆகவே விசா ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எல்லோருக்கும் திரும்பும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் என்பதால் அதை முதலில் எடுத்துப் பாருங்கள். மலேசியா, தாய்லாந்து விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டுமுன் ஒருமுறை, கிளம்பும் வாரம் ஒருமுறை சரிபாருங்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் ஆன்லைன் வருகை அட்டை உண்டு, மூன்றும் இலவசம். பணம் கேட்கும் இணையதளம் வந்தால் அது அரசுத் தளம் அல்ல.

கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் சிங்கப்பூரில் இறங்கும்படி விமானம் எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது, பணமும் போகும். மேலே 24,000 போட்டது அதற்காகத்தான். அதைக் குறைக்க வேண்டாம்.

காப்பீட்டிலும் கை வைக்காதீர்கள். இங்குள்ள மெடிக்ளைம் பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது. கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் கட்டணம் டாலரில் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். நிலைமை மோசமானால் கரைக்குக் கொண்டுபோகும் செலவு லட்சங்களில் போகும். பாலிசியில் மூன்றைத் தேடுங்கள்: கப்பல் பயணத்துக்குப் பொருந்துமா, அவசர மருத்துவ வெளியேற்றம் உண்டா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு தருவார்கள். அப்பா அம்மாவுக்கு சர்க்கரை, பி.பி. இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பல நிறுவனங்களில் 70 வயதைத் தாண்டினால் பிரீமியம் ஏறி, ஈட்டுத்தொகை குறையும். நீங்கள் கிளம்பும் அந்த மே மாதம் அப்பாவுக்கு வயது 69ஆ, 70ஆ என்று பார்த்துத் தேதி வையுங்கள்.

கப்பலில் கையில் காசு தரமாட்டீர்கள். அறை அட்டையைத் தட்டினால் போதும். பட்ஜெட் உடைவது அங்கேதான். ஏறும்போது ஒரு கார்டைப் பதிவு செய்யச் சொல்வார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் முன்கூட்டியே ஒரு தொகையை முடக்கிவைப்பார்கள். பயணம் முடிந்தும் அது விடுபடச் சில நாள் ஆகும். கிரெடிட் கார்டு கொடுங்கள். வெளிநாட்டுச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் வாங்கும் கார்டு என்றால் 100 ரூபாய்க்கு 4.13 ரூபாய் கூடுதல். அதைக் குறைவாக வாங்கும் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். கரையில் கடைக்காரர் "ரூபாயிலேயே போடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்திலேயே தட்டச் சொல்லுங்கள்.

கெஸ்ட் சர்வீஸ் கவுன்டரில் சொன்னால் குழந்தைகளின் அட்டையில் செலவு வசதியை நிறுத்திவிடுவார்கள். ஏறியவுடன் செய்யவேண்டிய வேலை அது. பஃபேயில் தண்ணீர், டீ, காபி இலவசம். பாட்டில் தண்ணீர், டின் குளிர்பானம், தனிக் கடைக் காபிக்குக் காசு, அதன்மேல் சேவைக் கட்டணம். மதுபான பேக்கேஜை ஒருவர் எடுத்தால் பொதுவாக அதே அறையிலுள்ள மற்ற பெரியவர்களும் எடுத்தாக வேண்டும். வைஃபை வேண்டும் என்றால் கிளம்புமுன் ஆன்லைனில் வாங்குங்கள், கப்பலில் விலை கூடும். எலெக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எடுத்துப் போனால் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சைவச் சாப்பாடு வேண்டும் என்பதை புக்கிங்கிலேயே பதிவு செய்யுங்கள். தினமும் இரவு படுக்குமுன் அறைக் கணக்கைப் பாருங்கள். தவறாக ஏறிய தொகையை அன்றே சொன்னால் ஐந்து நிமிட வேலை. கடைசி நாள் காலையில் அந்தக் கவுன்டரில் நீண்ட வரிசை நிற்கும்.

கப்பல் கரையைவிட்டு விலகியதும் ஆறு போன்களையும் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். கப்பலுக்கென்று தனி மொபைல் நெட்வொர்க் உண்டு. உங்கள் சிம் அதைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. தெரியாமல் டேட்டா ஓடினால் வரும் பில் ஆயிரங்களில் இருக்கும்.

பினாங்கில் கப்பலின் சுற்றுலா பேக்கேஜ் எதுவும் வாங்க வேண்டாம். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியரில் இறங்கினால் பழைய நகரமான ஜார்ஜ் டவுன் நடக்கும் தூரம். லிட்டில் இந்தியாவும் குயின் தெரு மகாமாரியம்மன் கோவிலும் பக்கத்திலேயே. தமிழ் பேசினாலே காரியம் நடக்கும். வெயில்தான் கடுமை, பெற்றோருக்குத் தண்ணீரும் தொப்பியும் எடுங்கள். புக்கெட் வேறு கதை. அங்கே வண்டி இல்லாமல் முடியாது, தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னே. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்து, எல்லோரும் 4.30க்குள் ஏற வேண்டும் என்றால், புக்கெட் நேரத்துக்குத் தானாக மாறிய உங்கள் போனில் அது 3.30. போனை நம்பிப் போனால் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்து சேர்வீர்கள். கப்பலே நடத்தும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள்; நீங்களாகப் பிடித்த வேனுக்குக் காத்திருக்க மாட்டார்கள். கையில் கட்டும் வாட்ச் ஒன்றில் கப்பல் நேரம் வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் முன்பே திரும்புங்கள். மே மாதப் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் புக்கெட் பக்கம் அலை கூடும்; கப்பல் அங்கே நிற்காமலே போகலாம். அப்படியானால் துறைமுக வரி மட்டும் திரும்ப வரும், டிக்கெட் பணம் வராது. ஏப்ரல் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் கிளம்ப முடிந்தால் அதுவே நல்லது. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை ஜூனில்தான், அதற்கு முன்பு விலையும் பொதுவாகக் குறைவாக இருக்கும்.

பெற்றோருக்கு 19 மாதம் காத்திருப்பது நீளமாகத் தோன்றினால், வரும் மே மாதம் இந்தியாவுக்குள்ளேயே செல்லும் கோர்டேலியா கப்பலில் இரண்டு இரவு அழைத்துப் போகலாம். உள்நாட்டுத் தடத்துக்கு பாஸ்போர்ட், விசா, டி.சி.எஸ். எதுவும் தேவையில்லை. மற்ற மூவரின் செலவைத் தள்ளிப்போட்டு அப்பா, அம்மா, உங்களில் ஒருவர் என மூவர் போனாலும் போதும். அவர்களுக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா, மாத்திரை வேண்டுமா என்று அதிலேயே தெரிந்துவிடும். போனஸில் ஒரு பகுதியை அதற்கு எடுத்தால் சிங்கப்பூர்க் கணக்கில் அந்தத் தொகை குறையும்; அப்போது அந்தப் பயணத்தில் இரண்டு அறையுமே இன்டீரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.