சபையில் பாடவும் வராது, பிரசங்கமும் வராது. நான் என்ன ஊழியம் செய்வது?

கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன், தாலந்து எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறுதோறும் மைக் பிடிப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் தோன்றும். நானும் பாட மாட்டேன். தையல்காரி. (கொயர்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், என் மகளே கொயரில்தான் இருக்கிறாள்.)

பைபிளில் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பா ஊர்த் தொற்காள் இறந்துபோகிறாள். இயேசுவின் சீடர் பேதுரு வந்ததும் விதவைகள் அழுதுகொண்டே எடுத்துக் காட்டியது அவள் செய்துகொடுத்த துணிமணிகளைத்தான். எங்கள் சபையில் அவள் பெயரில் ஒரு சங்கம் உண்டு. வசனப் போட்டி நடக்கும், டீ வடை உண்டு, ஊசி நூலை மட்டும் அங்கே நான் பார்த்ததில்லை. சரி, அதை விடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். நைட்டி மாட்டக் கையைத் தூக்கினாலே உயிர் போகிற வலி. அவர் மருமகள் புது நைட்டி ஒன்றைக் கொண்டுவந்து, பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டி ஓரம் அடித்துத் தரச் சொன்னாள். வெட்டினால் மட்டும் போதாது என்று பட்டது. வீட்டுக்கே போய், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள், எந்தக் கை வராது என்று பார்த்துவிட்டுத் தைத்தேன். பழைய பருத்திச் சேலைத் துணி. முன்பக்கம் முழுசாக இருக்கும், பின்பக்கம் இரண்டு துண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறிவரும். முதுகுக்குக் கீழே தையலோ பட்டனோ வரக் கூடாது, உறுத்தினால் புண்ணாகிவிடும். வராத கைக்குத் தோளிலிருந்து நுனிவரை திறப்பு வைத்து நாடா. “அக்கா, கழுத்து நாடாவத் தோள் பக்கமாத் தள்ளி வைங்க, முடிச்சு மேலயே படுக்க வேண்டியிருக்கு” என்றாள் மருமகள். இன்றுவரை அப்படித்தான் வைக்கிறேன்.

அப்புறம் ஆள் சொல்லி ஆள் வர ஆரம்பித்தார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு என்றால் கூலி வாங்குவதில்லை. அந்தப் பெரியம்மா கிறிஸ்தவர் இல்லை. மதம் மாற்றத்தான் தைக்கிறாயா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த வீட்டில் அளவெடுத்தேன், தைத்தேன், அவ்வளவுதான். அப்படியானால் இதில் இயேசுவைப் பற்றிய சாட்சி எங்கே என்று கேட்கும் சகோதரர்களுக்கும் அதே பதில்தான்.

இதைச் சொன்னதும் சிலருக்கு எல்லாமே இலவசம் என்று ஆகிவிடுகிறது. டிசம்பர் 20-க்கு மேல் லைனிங் பிளவுஸ் துணியைக் கொடுத்து, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வேண்டும் என்பார்கள். கூலி கேட்டால் “ஊழியமா நெனச்சுச் செய்யுங்கக்கா.” ஹுக் கட்டுகிற பெண்ணுக்கு நான் சம்பளம் கொடுக்க வேண்டாமா? இதே ஆட்கள் சபைக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தால் இறக்கையில் பெயர் எழுதாமல் விடமாட்டார்கள்.

வேலூரில் நர்சிங் படித்த என் நாத்தனார் டாக்டர் பால் பிராண்ட் பற்றி அடிக்கடி சொல்வாள். 1940-களின் கடைசியில் அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தவர். மருத்துவம் படிக்கும் முன் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றவர். விரல் நிமிர்ந்தும் பிழைக்க வழியில்லாதவர்களுக்குத் தச்சு வேலை பழக்கி, மரப் பொம்மை செய்ய வைத்தாராம். டாக்டர் படிப்போடு அந்தப் பழைய கைத்தொழிலும் உதவியிருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசு பென்ஷன் வாங்குகிறவர்கள் நவம்பரில் லைஃப் சர்ட்டிபிகேட் (உயிரோடு இருப்பதற்கான சான்று) கொடுக்க வேண்டும். போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். அது தெரியாமல் ஆட்டோ பிடித்து பேங்க் வரிசையில் நிற்கும் ரிட்டயர்டு ரயில்வேக்காரர்கள், தபால்காரர்கள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஆதார், பி.பி.ஓ. நம்பர் (பென்ஷன் ஆணை எண்), பேங்க் பாஸ்புக் மூன்றையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஓ.டி.பி. வரும் போன் பெரும்பாலும் மகனிடம்தான் இருக்கும், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.