மோவாப் போகிறீர்களா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

யூட்டா மாநிலத்தில் இருக்கும் மோவாபுக்கு இதுவரை எட்டு முறை போயிருக்கிறேன். நான் இருப்பது டென்வரில். ஐந்தரை மணி நேர ஓட்டம்தான் என்பதால், மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் வண்டி தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடும். இந்த முறை போகப் போகிறவர்கள் கேட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, லாஸ் வேகாஸில் இறங்கி ஸயான், பிரைஸ், மோவாப், கிராண்ட் கேன்யன் எல்லாவற்றையும் ஐந்து நாளில் முடிக்கத் திட்டம். மோவாபுக்கு அரை நாள் போதுமா?

போதாது. அரை நாள் என்றால் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்து நாலு மணிக்குக் கிளம்புவீர்கள். மோவாபில் எதையும் பார்க்கக் கூடாத ஐந்து மணி நேரம் அதுதான். உச்சி வெயிலில் பாறைகள் வெளிறிப்போய்க் கிடக்கும், ஒதுங்க நிழலும் இருக்காது. அதே பாறை காலை ஏழு மணிக்கும் பொழுது சாயும்போதும் அடுப்புக் கங்கு மாதிரி ஒளிரும். அதனால் நான் நாள் கணக்குப் பார்ப்பதில்லை. எத்தனை காலை, எத்தனை மாலை என்றுதான் பார்ப்பேன். குறைந்தது இரண்டு காலை, இரண்டு மாலை வேண்டும். பட்டியலில் ஓர் ஊரை அடித்துவிடுங்கள்.

முதல் மாலை ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் டெலிகேட் ஆர்ச். யூட்டா நம்பர் பிளேட்டில் பார்த்திருப்பீர்களே, அதே பாறை வளைவுதான். போய்வர 3 மைல், 480 அடி ஏற்றம், பெரும்பகுதி மொட்டைப் பாறை. சூரியன் மறையும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டால் இறங்குவது இருட்டில்தான்; ஆளுக்கொரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடியுமுன் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் மேசா ஆர்ச். சூரியன் எழும்போது வளைவின் அடிப்பக்கம் முழுக்கச் செந்நிறமாகிவிடும். முக்காலியோடு ஒரு கூட்டமே முன்னால் நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மதியம் அறைக்கு வந்து தூங்குங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. இரண்டாம் மாலை டெட் ஹார்ஸ் பாயின்ட். 2,000 அடி கீழே கொலராடோ ஆறு வளைந்து திரும்புவதைப் பார்க்கலாம்.

எந்த மாதம் நல்லது? எங்களுக்கு ஜூலையில்தான் லீவு.

ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர். ஜூலையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள் "இதெல்லாம் ஒரு வெயிலா" என்று ஏமாந்துபோகிற இடம் இது. காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் வியர்வை உடம்பில் நிற்காது, தண்ணீர் வற்றுவதே தெரியாது. என் முதல் பயணம் ஜூலையில். ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றோடு பிற்பகல் மூன்று மணிக்கு டெலிகேட் ஆர்ச் ஏறினேன். பாதி வழியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். எதிரே இறங்கி வந்த ஒரு பெரியவர் தன் தண்ணீரைக் கொடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பதுதான் அங்கே கணக்கு. தாகம் எடுக்கக் காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருங்கள்.

ஜூலையில்தான் போக முடியும் என்றால் காலை பத்து மணிக்குள் நடையை முடித்துவிட்டு, பகலில் லா சால் மலைப் பாதையில் வண்டியில் சுற்றுங்கள். 12,000 அடிக்கு மேல் சிகரங்கள் உள்ள மலை அது. மேலே போகப் போகக் குளிரும். இன்னொன்று: ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் மழை உண்டு. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும், எங்கோ பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் வெள்ளமாக வந்துவிடும். மேகம் கறுத்தால் ஓடைப் படுகையில் நிற்காதீர்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களால் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஆர்ச்சஸுக்குள் 18 மைல் தார்ச்சாலை. முக்கால்வாசி அதிசயம் அதன் ஓரத்திலேயே நிற்கிறது. மொத்தம் 128 அடி உயரம், ஒரு பாறைத் தண்டின் மேல் பெரிய குண்டுக்கல் உட்கார்ந்திருக்கும் பாலன்ஸ்டு ராக்கை வண்டியில் இருந்தே பார்க்கலாம். டெலிகேட் ஆர்ச்சைத் தூரத்திலிருந்து காட்டும் கீழ்ப் பார்வையிடத்துக்குச் சமதளத்தில் நூறு கெஜம் நடந்தால் போதும். கேன்யன்லேண்ட்ஸின் கிராண்ட் வியூ பாயின்ட்டும் டெட் ஹார்ஸ் பாயின்ட்டும் வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே. உயரம் நினைத்துப் பயப்பட வேண்டாம். மோவாப் ஊர் 4,000 அடி, கேன்யன்லேண்ட்ஸ் மேட்டுப்பகுதி 6,000 அடி சுமார். ஊட்டியே இதைவிட உயரம்.

சைவச் சாப்பாடு?

பீட்சா, பரிட்டோ கிடைக்கும். நான் சிறிய ரைஸ் குக்கரும் ஊறுகாயும் கொண்டுபோவேன், தயிரை மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கும் சிட்டி மார்க்கெட்டில் வாங்கிக்கொள்வேன். விடியற்காலை கிளம்பும் நாளில் முந்தின இரவே புளியோதரை கட்டிவைத்துவிடுவது உத்தமம். பார்க்குக்குள் உணவகம் கிடையாது.

ஃபோர் வீல் டிரைவ் எடுக்க வேண்டுமா? பெட்ரோல், சிக்னல்?

நான் மேலே சொன்ன எல்லா இடத்துக்கும் சாதாரண கார் போதும். கேன்யன்லேண்ட்ஸ் மேட்டுக்குக் கீழே நூறு மைல் சுற்றிவரும் ஒயிட் ரிம் போன்ற மண் பாதைகளுக்குத்தான் அது வேண்டும். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மண் பாதைக்கு அனுமதி இருக்காது, படித்துப் பாருங்கள். டேங்கை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வேகாஸ் பக்கமிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் வந்தால், சலீனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் நடுவே நூறு மைலுக்கு மேல் ஒரு பங்க் கிடையாது. சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்னமே போனில் இறக்கிவைத்துவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் ஒன்றா, தனித்தனியா?

தனித்தனி. ஆர்ச்சஸ் ஒரு காருக்கு 30 டாலர், கேன்யன்லேண்ட்ஸுக்கும் அதே, ஏழு நாள் செல்லும். டெட் ஹார்ஸ் மாநில அரசுப் பூங்கா. தேசியப் பூங்காக்களின் ஆண்டு பாஸ் அங்கே செல்லாது, வாசலில் போய் வாதாடாதீர்கள். ஆர்ச்சஸில் 2022 முதல் சில ஆண்டுகள் நேரம் பதிவு செய்துதான் நுழைய வேண்டியிருந்தது. இந்த விதி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்புமுன் பூங்காவின் தளத்தைப் பாருங்கள்.

என் பையன் கேட்கிறான்: பாறை ஏன் சிவப்பு? ஓட்டை எப்படி விழுந்தது?

நல்ல பையன். சிவப்புக்குக் காரணம் இரும்புத் துரு. மணல் துகளைச் சுற்றி மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. ஓட்டையின் கதைக்கு உப்புதான் ஆரம்பம். சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன் அங்கே இருந்த கடல் திரும்பத் திரும்ப வற்றி, ஆயிரக்கணக்கான அடி கனத்துக்கு உப்பைப் போட்டுவிட்டுப் போனது. அதன் மேல் மணலும் சேறும் படிந்து பாறையாகின. பாரம் தாங்காத உப்பு பிதுங்கி நகர, மேலிருந்த பாறை வரிசை வரிசையாக விரிசல் விட்டது. விரிசல்களில் தண்ணீர் இறங்கி அரித்ததில், அடுக்கிவைத்த பலகைகள் மாதிரி மெல்லிய சுவர்கள் மிஞ்சின. அந்தச் சுவர்களில் பலவீனமான இடம் உதிர்ந்தால் வளைவு. அப்படி 2,000க்கு மேல் இருக்கின்றன.

இன்னும் உதிர்கின்றன என்பதையும் சொல்லுங்கள். 306 அடி அகலமுள்ள லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து 1991ல் 60 அடி நீளப் பாளம் ஒன்று விழுந்தது. அதன் அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். வால் ஆர்ச் 2008ல் ஓர் இரவில் முழுதாகவே விழுந்துவிட்டது.

ஊருக்கு வடக்கே ஆற்றங்கரையில் வேலி போட்டு ஏதோ பெரிய வேலை நடக்கிறதே, அது என்ன?

யுரேனியம் விட்டுப்போன குப்பை. 1952ல் சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர் ஊருக்குத் தென்கிழக்கே யுரேனியத்தைக் கண்டுபிடித்தார். பழத்தோட்டமும் மாடுமாக இருந்த கிராமத்தில் சில ஆண்டுகளில் மக்கள்தொகை மும்மடங்கானது. யுரேனியத் தாதுவைப் பிரித்த ஆலை மூடிய பிறகு கொலராடோ ஆற்றை ஒட்டி 1.6 கோடி டன் கழிவு மலையாகக் கிடந்தது. 2009 முதல் அதை ரயிலில் ஏற்றி 30 மைல் வடக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

டிரோன் பறக்கவிடலாமா? குழந்தைகள் பாதையை விட்டு இறங்கி ஓடினால் ஏதாவது சொல்வார்களா?

தேசியப் பூங்காக்களில் டிரோனுக்குத் தடை. இறங்கி ஓடினால் பூங்காக் காவலரான ரேஞ்சர் சொல்வதற்கு முன் நானே சொல்வேன். பாதை ஓரத்தில் கறுப்பாக, மொறமொறவென்று ஒரு மண் மேலோடு தெரியும். அது நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து கட்டியது. காற்றில் மணல் பறக்காமல் பிடித்துவைப்பதே அதுதான். ஒரு மிதியில் நொறுங்கிப்போனது திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். பாறை மேலும் மணல் ஓடையிலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும். ஓடி விளையாடுவதற்கென்றே இருக்கிறது சாண்ட் டியூன் ஆர்ச்: இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே குளிர்ந்த மணல், நாள் முழுக்க நிழல். அங்கே விட்டுவிட்டு நீங்கள் உட்கார்ந்துவிடலாம்.