நண்பகலில் ஏறும் காந்தமானி

நாகர்கோவில் மொட்டைமாடியில் வைத்த காந்தமானி (பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவி) காட்டும் அளவு தினமும் நண்பகலில் ஏறி மாலையில் இறங்குகிறது, சென்சார் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் காந்த நடுக்கோட்டை, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக அமையும் கோட்டை, ஒட்டியது. அங்கே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கி மின்னோட்டம் பாய்கிறது. அது காந்தப்புலத்தின் கிடைக்கூறை (தரைக்கு இணையான பகுதியை) 100 நானோடெஸ்லா வரைகூட உயர்த்தும்.

ஆனால் மாடி வெயிலும் இதே வளைவைத்தான் போடும்! கருவியை நிழலில், மண்ணுக்குள் புதைத்துப் பாருங்கள். பைக், இரும்புக்கம்பி பக்கத்தில் கூடவே கூடாது. பம்பாயில் டிராம்களுக்கு மின்சாரம் வந்ததால்தான் அங்கிருந்த கொலாபா ஆய்வகத்தின் காந்தப் பதிவுப் பணி 1904இல் அலிபாக்குக்குப் போனது.

புதைத்த பிறகும் ஏற்றம் இருந்தால், அதே நாளின் அலிபாக் பதிவைக் கழித்துப் பாருங்கள்; அலிபாக் காந்த நடுக்கோட்டிலிருந்து தூரம் என்பதால் அந்த மின்னோட்டம் அங்கே எட்டாது. மிஞ்சுவது பெரும்பாலும் அந்த மின்னோட்டத்தின் வேலை.